வட்டின் எடை எங்கே இருக்கிறது?

திண்டிவனம், மயிலம், மரக்காணம், வானூர் பக்கத்துப் பள்ளிகளுக்குக் குறுவட்டத் தடகளப் போட்டிகள் பெரும்பாலும் ஆடி, ஆவணி வாக்கில் வருகின்றன. நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கூடும் கூட்டம் வட்டு எறிதலுக்குக் கூடுவதில்லை. மைதானத்தின் ஓர் ஓரத்தில், வலை கட்டியும் கட்டாமலும், அது பாட்டுக்கு நடந்து முடிந்துவிடுகிறது. ஆனால் இயற்பியலை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்த மைதானத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே வயது, ஒரே உடற்கட்டு, ஒரே எடையுள்ள வட்டு என்று இரண்டு மாணவர்கள் எறிகிறார்கள். ஒருவரின் வட்டு காற்றில் படிந்து நெடுந்தூரம் சறுக்கிப் போகிறது. மற்றவரின் வட்டு பாதி வழியிலேயே தள்ளாடி, இடது விளிம்பு சாய்ந்து, மண்ணில் குத்தி நிற்கிறது. இரண்டாமவருக்குத் தெம்பு போதவில்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைச் சொல்வதற்கு முன் அவர் கையில் இருந்த வட்டைப் பார்க்க வேண்டும். வட்டு வாங்கும்போது எடை எவ்வளவு என்று கேட்கிறோம்; அந்த எடை வட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. பறக்கும்போது வட்டு நிலைகுலையாமல் இருப்பதை முடிவு செய்வதில் பாதி வேலை அந்தக் கேட்காத கேள்வியில்தான் இருக்கிறது.

எடையைப் பொறுத்தவரை விதிகள் தெளிவானவை. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி ஆண்களுக்கு 2 கிலோ, 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 1.75 கிலோ, 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 1.5 கிலோ, பெண்களுக்கு 1 கிலோ. குறுக்களவும் வரையறுக்கப்பட்டிருக்கிறது: 2 கிலோ வட்டு சுமார் 22 சென்டிமீட்டர், 1 கிலோ வட்டு சுமார் 18 சென்டிமீட்டர். உடல் பகுதி மரமாகவோ வேறு தகுந்த பொருளாகவோ இருக்கலாம், உள்ளே பொள்ளலாகவும் இருக்கலாம். ஆனால் சுற்றி உலோக விளிம்பு இருந்தாக வேண்டும். விதி இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மொத்த எடையில் எத்தனை பங்கு விளிம்பில் இருக்கலாம் என்று அது கட்டுப்படுத்துவதில்லை. அதனால் தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு வட்டுகள் காற்றில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். மரப் பலகையோடு மிதமான இரும்பு விளிம்பு சேர்ந்தது ஒரு வகை. மெல்லிய பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி இழைத் தகடுகளுக்கு இடையே கனத்த உலோக வளையம் வைத்தது இன்னொரு வகை. விற்பனையில் இவற்றை விளிம்பு எடை 70 விழுக்காடு, 80 விழுக்காடு, 90-ஐ நெருங்கியது என்று வகைப்படுத்துகிறார்கள். இவற்றுக்கு வெளியே, பள்ளிகளில் பயிற்சிக்குப் புழங்கும் ரப்பர் வட்டு இருக்கிறது. அதற்குத் தனி விளிம்பே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பொருள்தான்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கான விடை பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. சுழல்கிற பம்பரம் சாயாது. வேகம் குறையக் குறையத் தலையாட்டத் தொடங்கிப் பிறகு விழும். வட்டுக்கும் அதே விதிதான். சுழலும் பொருளின் அச்சு தன் திசையை விட்டு எளிதில் நகராது. எவ்வளவு பிடிவாதமாக நிற்கும் என்பதை அதன் கோண உந்தம் சொல்கிறது. கோண உந்தம் என்பது சுழற்சி வேகத்தையும் நிலைமத் திருப்புத்திறனையும் பெருக்கி வருவது. சீரான தட்டுக்கு நிலைமத் திருப்புத்திறன் நிறையை ஆரத்தின் இருமடியால் பெருக்கியதில் பாதி. மொத்த நிறையும் ஓரத்தில் இருக்கும் வளையத்துக்கு அது முழுமை. அதாவது எடை மாறாமல், அதை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினாலே இந்த அளவு இரண்டு மடங்கு வரை போகலாம். ரப்பர் வட்டு நடுவில் தடித்து ஓரத்தில் மெலிவதால் அதற்குப் பாதியையும்விடக் குறைவாகவே கிடைக்கும். எடை கூடும்போது குறுக்களவும் கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே அமைப்புள்ள வட்டுகளை ஒப்பிட்டால், 1 கிலோவிலிருந்து 1.5 கிலோவுக்குப் போகும் மாணவன் தூக்குவது ஒன்றரை மடங்கு எடை. ஆனால் அதைச் சுழற்றும்போது அவன் விரல் சந்திக்கும் எதிர்ப்பு ஏறக்குறைய 1.85 மடங்கு. 1 கிலோவுக்கும் 2 கிலோவுக்கும் இடையே அந்த எதிர்ப்பு மூன்று மடங்காகிறது. கை தாங்குகிறது என்பதற்காக விரலும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

விரல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வட்டை யாரும் இறுகப் பிடிப்பதில்லை. நான்கு விரல்களின் கடைசிக் கணு மட்டும் விளிம்பைத் தாங்கியிருக்கும். கட்டைவிரல் வட்டின் மேல் சும்மா படிந்திருக்கும். உடல் சுழல்வதால் எழும் விசைதான் வட்டைக் கையோடு ஒட்டி வைத்திருக்கிறது. விடும் கணத்தில் வட்டு சுண்டுவிரல் பக்கத்திலிருந்து உருண்டு, கடைசியாக ஆள்காட்டி விரலின் நுனியை விட்டுப் பிரிகிறது. வலக்கைக்காரர் எறிந்தால், மேலிருந்து பார்க்கும்போது அது கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். தேர்ந்த வீரர்களின் வட்டு நொடிக்கு ஆறு முதல் எட்டுச் சுற்று வரை சுழல்கிறது. அந்தச் சுழற்சி முழுவதும் விரல் நுனியில், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உண்டாக்கப்படுவது. தோளிலும் இடுப்பிலும் எவ்வளவு வலு இருந்தாலும், அந்தக் கடைசிக் கணத்தில் விரல் இழுக்காவிட்டால் வட்டு வேகமாகப் போகும். ஆனால் சுழலாமல் போகும்.

சுழலாமல் போகும் வட்டைக் காற்று சும்மா விடாது. முன்னோக்கிப் பாயும் வட்டின் அடியில் காற்று மோதி மேல்நோக்கித் தூக்குகிறது. அந்தத் தூக்குவிசை வட்டின் நட்டநடுவில் செயல்படுவதில்லை. நடுவுக்குச் சற்று முன்னால் செயல்படுகிறது. அதனால் வட்டின் மூக்கு மேலே எழப் பார்க்கிறது. சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது தொண்ணூறு பாகை தள்ளி வேறு பக்கம் சாயும் என்பது சுழல்பொருள்களின் பொது இயல்பு. ஆகவே மூக்கை உயர்த்த முயலும் திருப்பு விசை, கடிகாரத் திசையில் சுழலும் வட்டின் இடது விளிம்பைத் தாழ்த்துகிறது. வலக்கைக்காரரின் வட்டு கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து விழுவதற்கு இதுதான் காரணம். எவ்வளவு விரைவாகச் சாயும் என்பது காற்றின் திருப்பு விசையை வட்டின் கோண உந்தத்தால் வகுத்துக் கிடைப்பது. கோண உந்தம் பெரிதானால் சாய்வு மெல்ல நடக்கும். சிறிதானால் வட்டு நடுவழியிலேயே கவிழும். அத்தோடு, காற்று வரும் திசைக்கும் வட்டின் தளத்துக்கும் இடையிலுள்ள கோணம் சுமார் முப்பது பாகையைத் தாண்டினால் தூக்குவிசை சரிந்துவிடுகிறது. வட்டு அப்படியே அமுங்கி இறங்குகிறது. நன்றாகப் பறப்பது என்றால் இந்த இரண்டு விபத்துகளுக்கும் இடையே சுமார் நான்கு நொடி தாக்குப்பிடிப்பது.

பொருளும் எடையும் பறத்தலை எப்படி மாற்றுகின்றன என்பதை இதைவிடத் துல்லியமாக ஆராய்ந்தவர்கள் வேறொரு விளையாட்டில் இருக்கிறார்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ஃபிரிஸ்பி என்ற பெயரில் பரவிய பிளாஸ்டிக் தட்டிலிருந்து பிறந்தது டிஸ்க் கோல்ஃப். தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடைக்குள் மிகக் குறைந்த எறிதல்களில் விழச் செய்வதே ஆட்டம். இதற்கான தொழில்முறைச் சங்கம் 1976-இல் தொடங்கியது. 1983-இல் இன்னோவா நிறுவனம் ஓரத்தை ஆப்பு போலச் சரித்த தட்டை அறிமுகம் செய்த பிறகு, நெடுந்தூரம் போவதற்கென்றே டிரைவர் எனப்படும் தட்டுகள் பெருகின. சங்கத்தின் விதி இங்கே எடைக்கு உச்சவரம்பு மட்டும் வைக்கிறது: குறுக்களவில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரை. 21.2 சென்டிமீட்டர் டிரைவருக்கு அது சுமார் 176 கிராம். அதற்குக் கீழே 150 கிராமோ 165 கிராமோ, எறிபவர் விருப்பம். சென்னைக் கடற்கரையில் இளைஞர்கள் ஆடும் அல்டிமேட்டில் எல்லோருக்கும் 175 கிராம் தட்டு ஒன்றுதான். டிஸ்க் கோல்ஃபில் ஒவ்வொருவரும் ஒரு பை நிறையத் தட்டுகளைச் சுமந்து, ஒவ்வொரு எறிதலுக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வட்டு எறிதலில் விதி எடையை நிர்ணயித்துவிட்டதால் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தேர்வு, இந்த ஆட்டத்தில் வெட்டவெளிச்சமாக இருக்கிறது.

அவர்களின் அனுபவம் சொல்வது இது. ஒரே அச்சில் வார்த்த தட்டாக இருந்தாலும், பிளாஸ்டிக் மாறினால் பறக்கும் வழி மாறும். மலிவான அடிப்படைப் பிளாஸ்டிக் கைக்குப் பிடிமானம் தரும். ஆனால் மரத்திலும் கல்லிலும் மோதி விளிம்பு சீக்கிரம் தேயும். தேயத் தேய, கடிகாரத் திசையில் சுழலும் தட்டு வேகமாகப் பறக்கும்போது வலப்பக்கம் புரளும் இயல்பு கூடும். விலை உயர்ந்த பாலியூரிதேன் வகைகள் தேயாமல் உழைக்கும். பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே இடப்பக்கம் திரும்பி இறங்கும் முரட்டு இயல்பும் கொண்டிருக்கும். வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு அளவு சுருங்குகிறது. அதனால் தட்டின் மேற்பக்கக் குமிழும், விளிம்பின் மூக்கு அமைந்த உயரமும் சிறிது மாறிவிடுகின்றன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த மாற்றமே பறத்தலில் தெரியும். எடை குறைந்த தட்டு அதே வேகத்தில் எளிதாகப் புரளும். கனத்த தட்டு தன் சாய்வைக் காத்துக்கொள்ளும். அதனால் கைவேகம் குறைந்த புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை: 150 முதல் 165 கிராம் வரை எடையுள்ள, மிதவேகத்துக்கு வடித்த, அடிப்படைப் பிளாஸ்டிக் தட்டை எடு. எதிர்காற்று பலமாக அடிக்கும்போதும் கைவேகம் மிகுந்தவருக்கும்: முழு எடை, கெட்டிப் பிளாஸ்டிக். புதியவர் ஒருவர் விலை உயர்ந்த, அதிவேக, 175 கிராம் டிரைவரை எடுத்து எறிந்தால், அந்தத் தட்டு எந்த வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த வேகத்தை அது எட்டவே எட்டாது. எடுத்த எடுப்பிலேயே இடப்பக்கம் திரும்பி விழும். குற்றம் கையில் இல்லை, தட்டிலும் இல்லை. இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் தட்டுக்கும் தடகள வட்டுக்கும் என்ன சம்பந்தம், ஒன்று 175 கிராம், மற்றது இரண்டு கிலோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கு எண்களே பதில் சொல்லும். ஒரு கிலோ எடைக்கு எத்தனை பரப்பு காற்றின் முன் நிற்கிறது என்று கணக்கிடுவோம். 2 கிலோ வட்டுக்கு அது சுமார் 0.019 சதுர மீட்டர். 1 கிலோ வட்டுக்குச் சுமார் 0.025. டிஸ்க் கோல்ஃப் டிரைவருக்கோ சுமார் 0.2, அதாவது 2 கிலோ வட்டைப் போல் பத்து மடங்கு. காற்றின் பிடி அங்கே பத்து மடங்கு. எனவே சிறு வேறுபாடுகூடப் பெரிதாகத் தெரிகிறது. தடகள வட்டில் அதே விசைகள் அடங்கி வேலை செய்கின்றன, அவ்வளவே. இந்தப் பத்து மடங்கு வேறுபாடு இன்னொரு முரணையும் விளக்குகிறது. எதிர்காற்று டிஸ்க் கோல்ஃப் தட்டின் தூரத்தைக் குறைக்கிறது. தடகள வட்டின் தூரத்தைக் கூட்டுகிறது. இலேசான தட்டைக் காற்றின் இழுவிசை சீக்கிரம் நிறுத்திவிடும். கனத்த வட்டை அவ்வளவு எளிதில் நிறுத்த முடியாது. அது வேகத்தைக் காத்துக்கொண்டு, எதிர்காற்று தரும் கூடுதல் தூக்குவிசையைப் பயன்படுத்திக்கொள்கிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்த வட்டின் மேல் 5 மீட்டர் எதிர்காற்று வீசினால், வட்டு உணரும் காற்றுவேகம் 25 மீட்டர். விசைகள் வேகத்தின் இருமடியைப் பொறுத்தவை என்பதால் அவை 56 விழுக்காடு கூடுகின்றன. அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 44 விழுக்காடு குறைகின்றன. கிளிஃப் ஃப்ரோலிக் என்ற இயற்பியலாளர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு எதிர்காற்றின் இந்த உதவியைக் கணக்கிட்டு விளக்கியது.

சாதனைப் பட்டியலே இதற்குச் சாட்சி. கிழக்கு ஜெர்மனியின் யூர்கன் ஷுல்ட் 1986-இல் எறிந்த 74.08 மீட்டரை முப்பத்தேழு ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் தாண்டவில்லை. 2024 ஏப்ரலில் லிதுவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 74.35 மீட்டர் எறிந்து அதை முறியடித்தார். 2025 ஏப்ரலில் அதே இடத்தில் 75.56 மீட்டர். அந்த இடம் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள ரமோனா. சமவெளிக் காற்று ஓயாமல் வீசும் ஊர். நம் நாட்டின் விகாஸ் கௌடா 66.28 மீட்டர் எறிந்து தேசியச் சாதனை படைத்ததும் 2012-இல் அதே ஒக்லஹோமாவின் நார்மன் நகரில்தான். குறுந்தூர ஓட்டத்திலும் நீளத் தாண்டுதலிலும் பின்காற்று வரம்பை மீறினால் சாதனை செல்லாது. வட்டு எறிதலுக்கு அப்படிக் காற்று வரம்பு எதுவும் இல்லை. பெண்களின் உலகச் சாதனை, கிழக்கு ஜெர்மனியின் கேப்ரியேல ரைன்ஷ் 1988-இல் எறிந்த 76.80 மீட்டர், ஆண்கள் சாதனையைவிட அதிகம். 1 கிலோ வட்டு எடையில் பாதிதான் என்பதோடு, கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பரப்போடு காற்றில் நிற்கிறது என்பதும் அதற்கு உதவுகிறது. இந்த வீரர்கள் உடல் வலிமையால் மட்டும் அங்கே சென்றுவிடவில்லை என்பது உண்மை. காற்று மட்டும் அவர்களைக் கொண்டுபோய்விடவில்லை என்பதும் உண்மை. காற்று கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தகுந்த சுழற்சியும் சாய்வும் அந்த வட்டுகளுக்கு இருந்தன.

நம் ஊருக்கு வருவோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. வட்டு பறப்பதற்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. தென்மேற்குப் பருவத்தில் திண்டிவனம் வட்டாரத்தில் மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. கடல் மரக்காணத்தில் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில்தான் இருப்பதால், கடற்காற்று வலுக்கும் நாட்களில் மாலையில் திசை மாறிக் கிழக்கிலிருந்தும் வீசலாம். ஆக, குறுவட்டப் போட்டி நடக்கும் காலத்தில் பெரும்பாலும் மேற்கு நோக்கி எறிந்தால் எதிர்காற்று, கிழக்கு நோக்கி எறிந்தால் பின்காற்று. எதிர்காற்றில் தூக்குவிசை கூடுவது போலவே, வட்டைக் கவிழ்க்கும் திருப்பு விசையும் கூடுகிறது. நன்றாகச் சுழற்றத் தெரிந்த மாணவருக்கு அது வரம். அவர் விளிம்பு கனத்த வட்டைத் தாராளமாக எடுக்கலாம், மூக்கைச் சற்றுத் தாழ்த்தித் தட்டையாக விட்டால் போதும். சுழற்சி குறைந்த மாணவருக்கு அதே காற்று எதிரி. அவர் வழக்கம்போல மூக்கை உயர்த்தி விட்டால் வட்டு உடனே இடப்பக்கம் கவிழும். பின்காற்றிலோ தூக்குவிசை குறைவதால் வட்டு ஒரு கல்லைப் போலத்தான் போகும். அப்போது சற்று உயர்த்தி எறிவதைத் தவிர வேறு வழியில்லை, விளிம்பு எடையால் கிடைக்கும் ஆதாயமும் சிறிது. எந்தத் திசையில் வட்டம் போடுகிறோம் என்பதையும், எந்த வட்டை எடுக்கிறோம் என்பதையும் ஒரே முடிவின் இரு பகுதிகளாகக் கருத வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விளிம்பில் எடை கூடினால் நிலைத்தன்மை கூடும் என்று சொல்லியாயிற்று. அப்படியானால் எல்லோருக்கும் 90 விழுக்காட்டு வட்டையே கொடுத்துவிடலாமே? சூத்திரத்தின் ஒரு பாதியை மட்டும் பார்ப்பதால் வரும் கேள்வி இது. கோண உந்தம் என்பது திருப்புத்திறனும் சுழற்சியும் சேர்ந்த பெருக்கல். பழக்கமில்லாத விரல் கொடுக்கக்கூடிய திருப்பு உந்துதல் ஓரளவுதான். அதே உந்துதல் திருப்புத்திறன் மிகுந்த வட்டில் குறைந்த சுழற்சியையே உண்டாக்கும். பெருக்கிப் பார்த்தால் ஆதாயம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. விரலில் வலு ஏறி, கனத்த விளிம்பையும் அதே வேகத்தில் சுழற்ற முடிந்தவருக்குத்தான் கூடுதல் விளிம்பு எடை கூடுதல் கோண உந்தமாக மாறும். இன்னொன்றும் உண்டு. சுழலும் வட்டு காப்பாற்றுவது நல்ல சாய்வை மட்டும் அல்ல. எந்தச் சாய்வில் விட்டீர்களோ அதை. வலது விளிம்பைத் தூக்கி விட்டால் அந்தத் தவற்றையும், மூக்கை அளவுக்கு மீறி நிமிர்த்தி விட்டால் அந்தத் தவற்றையும் அது கடைசி வரை சுமந்து செல்லும். விளிம்பு கனத்த வட்டை அதனால்தான் தேர்ந்தவர்களுக்கானது என்கிறார்கள். எளிதில் சுழலும், விளிம்பு எடை குறைந்த வட்டு, கற்றுக்கொள்கிறவருக்கு விரலின் வேலையை உணர்த்துகிறது. டிஸ்க் கோல்ஃபில் புதியவருக்கு இலேசான தட்டைக் கொடுப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: கருவியின் நிலைத்தன்மை எறிபவரின் வேகத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நடைமுறையானது. மாவட்டப் போட்டியில் 25 மீட்டர், 30 மீட்டர் எறிகிற பிள்ளைகளுக்கு வட்டின் விளிம்பு எடையெல்லாம் ஆடம்பரம். உடல் பலமும் நுட்பமும் வந்தால் தூரம் தானே வரும் என்பார்கள். தூரத்தில் பெரும்பங்கு எறியும் வேகத்துக்கே என்பதில் ஐயமில்லை. காற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டாலும், நொடிக்கு 20 மீட்டரிலிருந்து 21 மீட்டருக்கு வேகம் ஏறினால் அதிகபட்சத் தூரம் சுமார் நான்கு மீட்டர் கூடும். எந்த வட்டை மாற்றினாலும் தொடக்கநிலை மாணவருக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனால் இந்த உண்மை என் வாதத்துக்கு எதிரானது அல்ல, ஆதரவானது. நுட்பம் எதைக் கொண்டு வருகிறது? கையில் இருக்கும் வட்டைக் கொண்டுதான். பொருந்தாத கனத்தில் பழகும் மாணவர் வட்டு நழுவிவிடுமோ என்று விரல்களை மடக்கி இறுகப் பிடிக்கிறார். தோளை முன்னே தள்ளிக் குண்டு எறிவது போலத் தள்ளிவிடுகிறார். ஆள்காட்டி விரலில் வட்டு உருள்வதே இல்லை. இப்படி ஓராண்டு பழகினால் அந்தக் கை அப்படியே படிந்துவிடும். பிறகு நல்ல வட்டு கிடைத்தாலும் பயன் சொற்பம். நுட்பம் முக்கியம் என்று நம்புகிறவர்கள்தான் வட்டைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் அக்கறை காட்ட வேண்டும்.

மூன்றாவது மறுப்பு பணம். அரசுப் பள்ளியில் விளையாட்டுக்கு வரும் தொகை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். டிஸ்க் கோல்ஃப் வீரர் போலப் பை நிறைய வட்டு வாங்க யாரால் முடியும்? யாரும் அப்படி வாங்க வேண்டியதில்லை. வாங்கும் வரிசை சரியாக இருந்தால் போதும். முதலில் வாங்க வேண்டியது ரப்பர் வட்டு. செம்மண் தரையிலும் சரளையிலும் எத்தனை முறை விழுந்தாலும் தாங்கும், விரலைக் கிழிக்காது, எளிதில் சுழலும். அடுத்தது, போட்டி விதிக்கு உட்பட்ட, விளிம்பு எடை 70 முதல் 75 விழுக்காட்டுக்குள் உள்ள ஒரு வட்டு. கடையில் எடையோடு இதையும் கேட்டு வாங்க வேண்டும். 80-க்கு மேல் உள்ளதை, மாவட்டம் தாண்டிப் போகும் ஒருவர் பள்ளியில் உருவான பிறகு வாங்கலாம். இருக்கிற வட்டைச் சோதிக்கச் செலவே இல்லை. மளிகைக் கடை மின்தராசில் வைத்தால் எடை தெரிந்துவிடும். சமதரையில் விளிம்பின்மேல் நிறுத்தி உருட்டினால், நடு பிசகாத வட்டு நேராக ஓடும். வளைந்த வட்டு தள்ளாடி ஓரிடத்தில் சாயும். நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவினால் கல்லில் பட்ட பிசிறு தட்டுப்படும். அதை அரத்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அடிப்படைப் பிளாஸ்டிக் தட்டு தேய்ந்தால் வழி மாறுவதைப் போல, பிசிறு வந்த உலோக விளிம்பும் விரலிலிருந்து சீராகப் பிரியாது.

தேர்வுக்கான விதியைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். மாணவர் எறிந்த வட்டை அவருக்குப் பின்னால் நின்று பாருங்கள். விட்ட உடனே விளிம்பு படபடவென்று ஆடினால், சுழற்சி போதவில்லை. கனம் குறைந்த அல்லது விளிம்பு எடை குறைந்த வட்டுக்கு இறங்குங்கள். ஆடாமல் போய், பாதி வழியில் இடது விளிம்பு கவிழ்ந்தால், முதலில் மூக்கின் சாய்வைத் தாழ்த்தச் சொல்லுங்கள். அப்படியும் கவிழ்ந்தால்தான் வட்டை மாற்றுங்கள். கடைசி வரை ஆடாமல், இறங்கும்போது மட்டும் சிறிது இடப்பக்கம் சாய்ந்தால், அந்தக் கைக்கு அந்த வட்டு சரி; அவரே அடுத்த கட்ட விளிம்பு எடைக்குத் தயாராகிவிட்டார். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஊன்றிப் பார்க்கும் கண் போதும், அது உடற்கல்வி ஆசிரியர்களிடம் இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்துப் பள்ளிகளில் வட்டு எறிய வரும் பிள்ளைகளில் பலர் விவசாயக் கூலிக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். உடல் உழைப்புக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களின் தோள் வலுவை விரல் வழியாகக் காற்றில் சேர்க்கும் வட்டு கையில் கிடைத்தால்தான் அந்த வலு மீட்டர்களாக மாறும். உடற்கல்வி ஆசிரியர்களையும் தலைமை ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த குறுவட்டப் போட்டிக்கு முன் பள்ளியின் வட்டுகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் நிறுத்து, உருட்டி, விளிம்பைத் தடவிப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த வட்டு என்று அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.